சோப்புப் போட்ட வில்

இங்கிலாந்தில் எங்கள் ஊரான கிராட்லி ஹீத்தில் மெதுவாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாம் சங்கிலிப் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்த காதுகள். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பவனிடம் சர்க்கரை கேட்பதென்றாலும், கால்வாயின் அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்போம். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்கள், வீட்டில் எல்லாருக்கும் தங்கள் மேல் கோபம் என்று நினைத்து முதல் சில மாதங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள்.

கிளெனிஸ் அப்படி அழவில்லை. வேல்ஸ்காரி, ஸ்வான்சீ பக்கம். கொஞ்ச நாள் எங்களை வேடிக்கை பார்த்தாள். பிறகு அவளும் கத்த ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் சேப்பலின் (சின்னத் தேவாலயம்தான்) ஆண்டு விழாவுக்குச் செல்லோ வாசிக்க வந்தவள் அவள். செல்லோ என்றால் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிக்கிற பெரிய வயலின். எங்கள் பக்கத்தில் ஆண்டு விழா என்பது கிறிஸ்துமஸைவிடப் பெரிது. பலகையடுக்கு கட்டிப் பிள்ளைகளை வெள்ளை உடுப்பில் ஏற்றி நிறுத்திப் பாட வைப்பார்கள். அதற்குப் பின்னணியாக வெளியூரிலிருந்து தந்தி வாத்தியக்காரர்களைக் கூட்டிவருவார்கள். எந்தச் சேப்பலில் எத்தனை வயலின் என்பதுதான் அந்த வாரம் முழுக்கப் பேச்சு. மெதடிஸ்டுகள் எட்டு வைத்தால் பாப்டிஸ்டுகளுக்குப் பத்து வேண்டும். வாசிப்பு எப்படி இருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நார்மன் பார்ஜிட்டர் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவன்தான். கப்பல் சங்கிலி அடிக்கும் பட்டறையில் எனக்குப் பக்கத்து உலை அவனுடையது. வீடும் பக்கத்து வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவன் அம்மா ஃப்ளோரி முட்டைக்கோஸ் வேகவைத்தால் என் வீட்டுத் திரைச்சீலை மணக்கும். கிதார் வாசிப்பான், சொந்தமாகப் பாட்டுக் கட்டுவான், ஊரில் பத்துப் பேரைப்போல அவனுக்கும் ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்தது. ஆனால் அவனுக்குக் கிதாரும் டிரம்மும் போதவில்லை. பாட்டுக்குப் பின்னால் கடல் பொங்குகிற மாதிரி தந்தி வாத்தியங்கள் பொங்க வேண்டும் என்பான். அதெல்லாம் ஆண்டு விழாப் பலகையில் நின்று பாடிய புத்தி. கிளெனிஸை அவன் கட்டிக்கொண்டதும் பாதி அந்த ஆசையில்தான் என்று ஃப்ளோரி எல்லாரிடமும் சொல்வாள். கிளெனிஸும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பாள்.

தகரக் கூரை போட்ட பழைய சேப்பலில் புதன்கிழமைகளில் ஒத்திகை. உள்ளே பீர் கூடாது என்ற நிபந்தனையில் சும்மா கொடுத்தார்கள். அதனால் கோஷ்டிக்கு ‘டின் சேப்பல்’ என்றே பெயர் வைத்தார்கள். கிளெனிஸ் பெண்கள் பள்ளியில் சங்கீத டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தாள். தெரிந்த வயலின்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டாள். டிரம்முக்குக் கென். சேப்பலில் கிடந்த மிதி ஆர்மோனியத்தையும் நார்மன் விடவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் அது உண்டு. அதைத் தூக்கிச் சுமக்கவும் வண்டி ஓட்டவும் ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு நான்.

முதல் வருஷங்களில் தொழிலாளர் கிளப்புகள்தான். பிங்கோ ஆட்டத்துக்கும், இறைச்சியைப் பரிசாகக் கொடுக்கிற குலுக்கலுக்கும் நடுவே அரை மணி நேரம் கொடுப்பார்கள். டிப்டனில் ஒரு கிழவர் எழுந்து நின்று கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பீரோவைக் கட்டிப் புடிச்சிட்டு என்ன பண்றே?"

"பழைய புருஷன்" என்றாள் கிளெனிஸ். "புதுசு அதோ, கிதார் வச்சிருக்குது."

கிளப்பே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அதன் பிறகு அவர்கள் எதை வாசித்தாலும் கேட்டார்கள். நார்மன் பாடினால் கை தட்டுவார்கள். கிளெனிஸ் வில்லை எடுத்தால் கிளாஸைக் கீழே வைப்பார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் கிளாஸைக் கீழே வைப்பது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய மரியாதை என்று தெரியும்.

பர்மிங்காமிலிருந்து ஸ்லேட்டர் என்ற மேனேஜர் வந்து சேர்ந்தார். ஒட்டகத் தோல் நிறக் கோட்டு, எந்நேரமும் சளி. லண்டன் ரெக்கார்டு கம்பெனி ஒன்றைப் பிடித்தார். ‘ஓல்ட் ஹில் மழை’ என்ற நார்மனின் பாட்டைக் கம்பெனிக்காரர்கள் கேட்டுவிட்டு, இதற்கு முழு ஆர்க்கெஸ்ட்ராவே வைக்கலாம், செலவு எங்களுடையது என்றார்கள். நார்மன் இரண்டு நாள் பட்டறையில் சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்தான்.

கிதார், டிரம், ஆர்மோனியம், குரல் எல்லாவற்றையும் முதலில் தகரச் சேப்பலிலேயே டேப்பில் பதிந்துகொண்டார்கள். பிறகு லண்டன். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் கம்பளிச் சட்டையும் ரொட்டிப் பொட்டலமுமாக வந்து உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேர வாசிப்புக்கு அமர்த்தியிருந்தது. டேப்பை ஓட்டினார்கள். அவர்கள் வாசித்தார்கள். எனக்குப் பல் கூசியது.

கோல் பிடித்து நடத்துகிற மனிதர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மிஸ்டர் பார்ஜிட்டர், இதை எந்தச் சுருதியில வச்சீங்க?"

"எங்க ஆர்மோனியத்துச் சுருதிதாங்க."

"அந்த ஆர்மோனியத்துக்கு என்ன வயசு?"

"தெரியலீங்க. சேப்பல் கட்டினதுலேருந்தே இருக்குது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். விஷயம் இதுதான். அந்தக் காலத்து ஆர்மோனியங்களுக்கெல்லாம் சுருதி இப்போதைய கணக்கைவிடக் கொஞ்சம் மேலே. பிற்பாடு உலகம் முழுக்கக் கீழே இறங்கி வந்துவிட்டது. அந்தச் சேதி எங்கள் தகரச் சேப்பலுக்கு எட்டவில்லை. ஊர்ப் பித்தளை வாத்தியக் கோஷ்டிகளும் வெகுகாலம் அந்தப் பழைய சுருதியிலேயே ஊதியதால் எங்கள் காதுக்கு அதுதான் சரி. கிதாரையும் கிளெனிஸின் செல்லோவையும் வருஷக்கணக்காக அதற்கே முறுக்கி வைத்திருந்தார்கள். அவளுக்கு மட்டும் அடிக்கடி தந்தி அறுந்தது. மட்டமான தந்தி என்று நினைத்துக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

லண்டன்காரர்கள் மேலே வர மாட்டோம் என்றார்கள். ஊது வாத்தியம் அவ்வளவு ஏறாது, வயலினை முறுக்கினால் தந்தி போகும். டேப்பை ஓட்டுகிற பையன் ஒரு வழி சொன்னான். டேப்பைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டால் எல்லாம் இறங்கிவிடும். ஓடவிட்டான். சுருதி சேர்ந்துவிட்டது. அழகாகவே இருந்தது. நார்மன் முகம் மட்டும் கோணியது.

"இது யாரு பாடறது, ஹோரஸ்?"

"நீதான்டா" என்றேன்.

"நான் இல்ல. வயிறு முட்டத் தின்னுட்டுச் சோபால சாஞ்சவன் எவனோ பாடறான்."

ஸ்லேட்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கெஞ்சினார். "தம்பி, யாருக்குப்பா இது தெரியப் போகுது? கொஞ்சூண்டு வித்தியாசம்."

"எனக்குத் தெரியுதே. நான் இல்லாம எம் பாட்டு எதுக்கு?"

பேசிக்கொண்டே இருக்கையில் நேரம் முடிந்தது. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் ஒரு வரியின் நடுவிலேயே வில்லைக் கீழே இறக்கிவிட்டு எழுந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, எங்கள் பட்டறையிலும் சங்கு ஊதினால் பாதி அடித்த வளையத்தை அப்படியே போட்டுவிட்டுத்தான் போவோம். இன்னொரு தடவை அமர்த்தக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. ஸ்லேட்டர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையில் முகம் புதைத்தார். சளியா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

கிளெனிஸ்தான் பேசினாள். "என் செல்லோ ஆர்மோனியத்தோட சுருதியிலதான இருக்கு. நானே எல்லாத்தையும் வாசிக்கிறேன். ஒண்ணு மேல ஒண்ணாப் பதிஞ்சுக்கோங்க."

"வயலின் பாகமெல்லாம் யாரு வாசிக்கிறது?"

"செல்லோலயே மேல ஏறி வாசிக்கிறேன். கீழ மிச்சம் இருக்கிற தந்தியெல்லாம் எதுக்கு இருக்குது?"

அந்த வாரம் முழுக்க வாசித்தாள். தன் வாசிப்பைக் காதில் கேட்டுக்கொண்டே அதற்குமேல் இன்னொன்று, அதற்குமேல் இன்னொன்று. விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, நான் வாங்கிவந்த பன்றிக்கறி அடைத்த பப்ஸை இடது கையால் எடுக்க முடியாமல் வலது கையால் தின்றாள். முடிவில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டபோது ஒரு கூட்டமே உட்கார்ந்து வாசித்த மாதிரி இருந்தது. அத்தனை பேரும் கிளெனிஸ். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நார்மன் அவள் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தான். எங்கள் ஊர் ஆம்பிளை நாலு பேர் எதிரில் அதைச் செய்தான் என்றால் சும்மா இல்லை.

பாட்டு ஓடியது என்று சொன்னால் போதாது. மீன் வறுவல் கடையில், முடிவெட்டுகிற கடையில், ரயிலில், எங்கே போனாலும் அதுதான். நாங்கள் பட்டறையை விட்டோம். நார்மனும் கிளெனிஸும் ஃப்ளோரியை விட்டுப் பெரிய வீட்டுக்குப் போகவில்லை, பழைய வீட்டிலேயே குளியலறை கட்டிக்கொண்டார்கள்.

டெலிவிஷனுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே யாரும் நிஜமாக வாசிப்பதில்லை. ரெக்கார்டை ஓடவிட்டு எல்லாரும் பாவனை பண்ண வேண்டும். அங்கே இருந்த ஆள் கிளெனிஸிடம் ஒரு சோப்புத் துண்டை நீட்டினான்.

"வில்லுல இதைத் தேய்ங்கம்மா. வழுக்கிட்டுப் போவும், சத்தம் வராது."

"குளிக்கிற சோப்பா, துணி சோப்பா?"

"எதுவா இருந்தாலும் வில்லு நல்லா மணக்கும்."

அன்றைக்கு அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். வில்லில் பிசின் தடவினால்தான் தந்தியைப் பிடிக்கும், பேசும். சோப்புப் போட்டால் ஊமை. வீட்டுக்கு வந்து வில்லைக் கழுவித் துடைத்து மறுபடி பிசின் ஏற்ற அரை நாள் ஆனது.

வினை ஊர் ஊராகப் போகும்போது வந்தது. ரெக்கார்டில் கூட்டம் கூட்டமாகப் பொங்குகிற சத்தத்தை மேடையில் கிளெனிஸும் வயலின்காரர்கள் இரண்டு பேரும் எப்படிக் கொண்டுவருவது? லீட்ஸில் ஒருவன் "மிச்சப் பேரு எங்கய்யா? பஸ்ஸை விட்டுட்டாங்களா?" என்று கத்தினான். ஸ்லேட்டர் யோசித்து, கிளெனிஸின் வாசிப்பை மட்டும் தனி டேப்பாக்கி மேடைக்குப் பின்னால் ஓடவிட்டார். கென் காதில் மாட்டிக்கொண்டு அதன் தாளத்துக்கு அடித்தான். கூட்டம் சொக்கிப்போனது. வயலின்காரர்கள் இரண்டு பேரையும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். கிளெனிஸை அனுப்ப முடியாது. சுவரொட்டியில் அவள் முகம் இருக்கிறதே. தவிர, அவள் நார்மன் பெண்டாட்டி.

ஆனால் அவள் வாசிப்பதும் டேப்பில் இருப்பதும் ஒட்டவில்லை. டேப் தினமும் ஒரே மாதிரி. இவள் ஒரு நாள் போல் ஒரு நாள் வாசிக்க மாட்டாள். கூட்டம் சோர்ந்திருந்தால் இழுப்பாள், கொண்டாட்டமாக இருந்தால் விரட்டுவாள். இரண்டும் சேர்ந்து கேட்டால் சாயம் ஓடின துணி மாதிரி இருந்தது.

பர்மிங்காம் டவுன் ஹாலில் கச்சேரி வைத்த வாரம், நல்ல மழை. ஃப்ளோரி வீட்டு அடுப்படியில் நான், நார்மன், கிளெனிஸ் மூன்று பேரும். ஃப்ளோரி பட்டாணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். நார்மன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான்.

"சொல்லு" என்றாள் கிளெனிஸ். "சளி ஸ்லேட்டருக்குத்தான, உனக்கு எப்போ வந்துச்சு?"

"டவுன் ஹாலுக்கு அமெரிக்காவுலேருந்து ஆளுங்க வராங்க. அவங்களுக்குப் புடிச்சா அங்க மூணு மாசம் கூட்டிட்டுப் போவாங்க."

"சரி."

"சத்தம் சுத்தமா இருக்கணும்ங்கறார் ஸ்லேட்டர்."

"என் சத்தம் அழுக்கா?"

"அப்படிச் சொல்லல, கிளென். டேப்புல இருக்கிறதும் உன் சத்தம்தான."

"அப்ப டேப்பை நிறுத்து. என்னை வாசிக்க விடு."

"டேப்பு இல்லாட்டி ஒல்லியாப் போயிடுதே."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே? வாயத் தொறந்து சொல்லேன்."

அவள் பார்வை பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் போனது. அங்கே பச்சைச் சோப்புக் கட்டி இருந்தது.

"ஒரு நாள் மட்டும்" என்றான் நார்மன்.

"நீ சோப்புப் போட்டுக்கிட்டுப் பாடுவியா?"

"அது வேற, கிளென்."

"எப்படி வேற?"

ஃப்ளோரிக்கு இதெல்லாம் விளங்கவில்லை. பட்டாணியை அலசிக்கொண்டே குறுக்கிட்டாள். "ஏன்டா, அவளை ஏன்டா சோப்பு அது இதுன்னு படுத்தறே? நல்லா வாசிக்கிறா, வாசிக்கட்டுமே. நீ எப்பவாச்சும் சுருதில பாடினதுண்டா?"

எல்லாரும் சிரித்தோம். சிரித்ததில் பேச்சு இளகிவிட்டது. அதுதான் தப்பு. சண்டை போட்டிருந்தால் அவள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

"ஒரு நாள்" என்றாள் கிளெனிஸ். "அப்புறம் நான் வாசிப்பேன். டேப்பு என் பின்னால வரட்டும். சரியா?"

"சத்தியமா."

டவுன் ஹாலில் நான் மேடையின் பக்கவாட்டில் நின்றிருந்தேன். கூட்டம் பால்கனி வரைக்கும். கிராட்லி ஹீத்தே பஸ் பிடித்து வந்திருந்தது. கிளெனிஸ் பச்சை வெல்வெட் கவுனில் உட்கார்ந்து வில்லை இழுத்தாள். கையும் தோளும் எப்போதும் போலவே போயின. பக்கத்தில் நின்ற எனக்கு வில்லிலிருந்து சீறல்கூடக் கேட்கவில்லை. மேலே ஒலிபெருக்கிகளிலிருந்து அத்தனை கிளெனிஸ்களும் பொங்கினார்கள். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நான் ஆர்மோனியத்தின் கட்டுக் கயிற்றைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அமெரிக்கக்காரர்களும் எழுந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள் ஃப்ளோரி. மாட்டிறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு, கிரேவி, நேற்றைய பட்டாணி. நார்மன் உற்சாகமாக இருந்தான். கிளெனிஸ் பரிமாறினாள். ஃப்ளோரி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் சாப்பாட்டு நடுவில் கரண்டியைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"ஏ பொண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்கம்மா."

"இத்தனை வருஷமா அடுத்த ரூம்ல நீ வாசிக்கிறதைக் கேட்டுட்டே வாழுறேன். நேத்து மாதிரி நீ வாசிச்சு நான் கேட்டதே இல்லடி. பக்கத்துல உக்காந்திருந்தவகிட்ட, அது எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. கண்ணுல தண்ணி வந்திருச்சு எனக்கு."

நார்மன் உருளைக்கிழங்கை நறுக்கினான், நறுக்கியதையே மறுபடி நறுக்கினான். உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கிழவியின் சந்தோஷத்தில் யார் மண்ணைப் போடுவது?

"தேங்க்ஸ்ம்மா" என்றாள் கிளெனிஸ். கிரேவி ஜாடியை எடுத்து அவள் தட்டில் ஊற்றினாள்.

அமெரிக்காவுக்கு முன்னால் ஜெர்மனி. ஸ்லேட்டர் நேரிலேயே வந்து கும்பிடாத குறையாகச் சொன்னார், டவுன் ஹாலில் செய்த மாதிரியே செய்துவிட வேண்டும், இனி எப்போதும் அதுதான் என்று. கிளெனிஸ் நார்மனைப் பார்த்தாள். சத்தியம் பண்ணியவன் ஜன்னலுக்கு வெளியே காயப்போட்ட துணியைப் பார்த்தான்.

"நான் வரல" என்றாள் கிளெனிஸ்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. மேடையில செல்லோக்காரி இல்லாட்டி எப்படி?"

"நாற்காலியில யாரையாவது உக்கார வையுங்க மிஸ்டர் ஸ்லேட்டர். சோப்புத் தேய்க்க யாருக்குத் தெரியாது?"

கோபத்தில் சொன்னது. ஸ்லேட்டர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். அவர் பிடித்த ஆள் கென்னின் மச்சினி ஜானிஸ், டட்லியில் முடி அலங்காரக் கடையில் வேலை பார்க்கிறவள். கிளெனிஸ் மாதிரியே செம்பட்டை முடி. நல்ல பெண், கலகலப்பானவள். செல்லோவைப் பார்த்து "இதுல எந்தப் பக்கம் முன்பக்கம்?" என்று கேட்டாள். கிளெனிஸே ஒரு மத்தியானம் உட்கார வைத்து வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஏன் சொல்லிக்கொடுத்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நார்மன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அவன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஜெர்மனி முழுக்க வண்டி ஓட்டினேன். ஹாம்பர்க், கொலோன், மியூனிக். ஜானிஸ் பச்சை வெல்வெட்டில் உட்கார்ந்து கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். கண்ணை மூடுவது அவளே கண்டுபிடித்தது, வில் தப்பான பக்கம் போனால் யார் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டாமே. கூட்டம் ஆராதித்தது. கொலோனில் ஒரு பையன் பூங்கொத்தோடு வந்து அவளைக் கிளெனிஸ் என்று நினைத்துக் கையெழுத்துக் கேட்டான். அவளும் அந்தப் பெயரையே போட்டுக் கொடுத்தாள், எழுத்துப் பிழையோடு.

நார்மனுக்கு முதல் நாட்களில் கால் தரிக்கவில்லை. பாடும்போது ஒரு வரி முடிந்ததும் செல்லோப் பக்கம் திரும்புவது அவன் வழக்கம். திரும்புவான், ஜானிஸைப் பார்ப்பான், அடுத்த வரியைக் கொஞ்சம் தாமதமாக எடுப்பான். டேப் காத்திருக்காது. கென் பின்னாலிருந்து கெட்ட வார்த்தையில் திட்டுவான். போகப்போகத் திரும்புவதை நிறுத்திவிட்டான்.

ஊர் வந்து சேர்ந்தது ஒரு காலை வேளை. தூறல். ஃப்ளோரி சேப்பலில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நார்மனின் பெட்டிகளை நான் உள்ளே கொண்டு வைத்தேன். கிளெனிஸ் முட்டையும் பன்றிக்கறியும் வறுத்துக்கொண்டிருந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். நார்மன் மேஜையில் ஜெர்மன் பத்திரிகை ஒன்றை விரித்தான். அவன் முகத்தில் நல்ல நகைச்சுவை கொண்டுவந்திருக்கிற களை.

"ஒருத்தனும் கண்டுபிடிக்கல கிளென். பேப்பர்காரன் ஜானிஸோட வாசிப்பைப் பத்தித் தனியா எழுதியிருக்கான் பாரு. ஆன்மாவோட வாசிக்கிறாளாம்."

கிளெனிஸ் நிஜமாகவே சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, கையில் வாணலிக் கரண்டியோடு கேட்டாள்.

"நீ?"

"நான் என்ன?"

"உனக்குத் தெரிஞ்சுதா, பக்கத்துல உக்காந்திருக்கிறது நான் இல்லேன்னு?"

"என்ன கேள்வி இது? எனக்குத் தெரியாமலா?"

"ஆளு யாருன்னு தெரிஞ்சுதான்னு கேக்கல நார்மன். பாட்டு நடுவுல. கூட்டம் பொங்கிட்டு இருக்கிறப்ப. உனக்கு நான் இல்லேன்னு இருந்துச்சா?"

நார்மனிடம் ஒரு குணம். சத்தியத்தைக் காற்றில் விடுவான், ஆனால் நேராகக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாது. மேஜை விரிப்பின் ஓரத்தைத் தடவினான்.

"மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. திரும்பித் திரும்பிப் பாத்தேன். ஹோரஸைக் கேளு."

"அப்புறம்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

"அப்புறம் பழகிடுச்சு" என்றான்.

கிளெனிஸ் தலையாட்டினாள். கணக்குச் சரியாக வந்துவிட்ட மாதிரி ஒரு தலையாட்டல். முட்டையை அவன் தட்டில் வைத்தாள், ரொட்டியை நறுக்கி வைத்தாள், டீ ஊற்றினாள்.

"ஆறிடும், சாப்பிடு." பிறகு என்னிடம் திரும்பினாள். "ஹோரஸ், வண்டியில பெட்ரோல் இருக்குதா?"

"இருக்கு. ஏன்?"

"செல்லோவை பஸ்ஸுல ஏத்த விட மாட்டான். ஸ்வான்சீ வரைக்கும் கொண்டு விடறியா? எங்க அக்கா வீட்டுக்கு."

நார்மன் எழுந்துவிட்டான். "எத்தனை நாளைக்கு?"

"பொருளெல்லாம் நேத்தே கட்டி வச்சிட்டேன். நீ வர்ற வரைக்கும் இருந்து, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போவோம்னு இருந்தேன்."

"கிளென், நான் டேப்பை நிறுத்திடறேன். ஸ்லேட்டர்கிட்ட இன்னிக்கே சொல்றேன். அமெரிக்கா போனாப் போகுது."

"நிறுத்தாத. நல்லாத்தான் வாசிச்சிருக்கேன் அதுல." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் வண்டிச் சாவி தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லியிருப்பேன். "நீ டேப்பை நிறுத்துறியா இல்லியாங்கறது இப்ப விஷயமே இல்ல நார்மன்."

செல்லோவை அவனே வண்டிக்குத் தூக்கி வந்தான். எப்போதும் அவன்தான் தூக்குவான், என்னை நம்ப மாட்டான். பெட்டியைச் சுற்றிக் கம்பளியைச் செருகி, கயிறு போட்டு இறுக்கினான். அவிழ்த்தான், மறுபடி இறுக்கினான். முட்டை உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அவன்மேல் ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பக்கத்து உலையில் பதினாறு வயதிலிருந்து நின்றவன். மேடையில் அவன் பழகிக்கொண்டதை நான் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

வண்டியைக் கிளப்பப் போகிற நேரத்தில் தெரு முனையில் ஃப்ளோரி வந்தாள். தலையில் பிளாஸ்டிக் மழைத்தொப்பி, கையில் சேப்பலில் கொடுத்த கேக். வண்டியையும் பெட்டிகளையும் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினாள்.

"ஏ பொண்ணே, அவன் வந்த அன்னிக்கே நீ எங்கடி கிளம்பிட்ட?"

"எங்க அக்கா வீட்டுக்கும்மா!"

"இன்னிக்குச் சாயங்காலம் உன் வாசிப்புக் கேக்க எங்க கூட்டத்துப் பொம்பளைங்க நாலு பேரை வரச் சொல்லியிருக்கேனேடி! டவுன் ஹால்ல வாசிச்சியே, அது மாதிரி!"

கிளெனிஸ் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். நனைந்த தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, எங்கள் ஊர்க்காரியாகவே கத்தினாள்.

"வரட்டும்மா! டேப்பு இருக்கு, நார்மன் போட்டுக் காட்டுவான்!"

ஃப்ளோரி சரி சரி என்று கையை ஆட்டினாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.